புதிய பெப்டைடு மருந்துக்கு எந்த வழி? நான்கு அணுகுமுறைகளின் ஒப்பீடு

என்டிஎம்-1 நொதியைப் பற்றி 2010ஆம் ஆண்டு 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் வெளியான ஆய்வில் இடம்பெற்ற பாக்டீரியா மாதிரிகளில் 44 சென்னையிலிருந்து கிடைத்தவை. மிக வலிய மருந்துகளாகக் கருதப்பட்ட கார்பபெனம்களையே சிதைத்துவிடும் அந்த நொதியைக் கொண்ட பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை டைகிசைக்ளின், கொலிஸ்டின் என்ற இரண்டு மருந்துகளுக்கு மட்டுமே கட்டுப்பட்டன. இவற்றுள் கொலிஸ்டின் ஒரு பெப்டைடு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தன் போட்டியாளர்களைக் கொல்வதற்காகச் சுரக்கும், பத்தே அமினோ அமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு அது. 1950களின் இறுதியில் மருத்துவத்துக்கு வந்து, சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970களில் ஒதுக்கப்பட்டு, வேறு மருந்துகள் பயனற்றுப்போன பிறகு மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குத் திரும்பிவந்த மருந்து. அதற்கும் எதிர்ப்பைத் தரும் எம்சிஆர்-1 என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய வடிவில், பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் பரவியிருப்பதை 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது.

ஆகவே புதிய பெப்டைடுகளை வடிவமைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வழியில் வடிவமைப்பது என்பதில்தான் தேர்வு தேவைப்படுகிறது. பெரிய மருந்து நிறுவனத்தின் பணபலம் இல்லாத, சில ஆண்டுகளுக்கான நிதியும் ஒரு சிறிய குழுவும் மட்டுமே உள்ள ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அத்தகைய குழுவின் முன்னால் முக்கியமாக நான்கு வழிகள் இருக்கின்றன: இயற்கைப் பெப்டைடு ஒன்றை எடுத்துத் திருத்துவது, கணினி வழியே மரபணுத் தரவுகளிலிருந்து புதியவற்றைத் தோண்டியெடுப்பது அல்லது உருவாக்குவது, பாக்டீரியாவின் குறிப்பிட்ட ஓர் உறுப்பை மட்டும் பற்றிக்கொள்ளும் வளையப் பெப்டைடுகளை உருவாக்குவது, கொலிஸ்டின் அடங்கிய, ஏற்கெனவே மருந்தாக இருக்கும் பாலிமிக்சின் குடும்பத்தைச் சீரமைப்பது. ரத்த ஓட்டத் தொற்றுக்கான மருந்துதான் இலக்கு என்றால் மூன்றாவது வழியே சரியானது என்பது என் முடிவு. இந்த முடிவு எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதை வைத்து ஒப்பிடுவது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகள் பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த மருந்துச் செறிவை, அதாவது எம்ஐசி மதிப்பை, முன்னிறுத்துகின்றன. அந்த மதிப்பு ஆய்வகத்து வளர்ப்பு ஊடகத்தில் அளக்கப்படுவது. மனித ரத்தத்தின் சீரத்தில் அதே பெப்டைடு அதே வேலையைச் செய்யும் என்பதற்கு அது உத்தரவாதம் தராது. உடலின் இயல்பான உப்பளவிலேயே வலுவிழந்துவிடும் பெப்டைடுகள் பல உள்ளன. சீரத்தில் உள்ள அல்புமினோடு ஒட்டிக்கொண்டு செயலற்றுப்போவன உண்டு. புரோட்டியேஸ் நொதிகள் சில நிமிடங்களில் வெட்டித் தள்ளிவிடுவனவும் உண்டு. எனவே என் அளவுகோல்கள் வேறு: சீரத்தில் கொல்கிறதா, ரத்தச் சிவப்பணுக்களையும் சிறுநீரகத்தையும் விட்டுவைக்கிறதா, நொதிகளைத் தாங்குகிறதா, பாக்டீரியா எவ்வளவு விரைவில் எதிர்ப்பை வளர்த்துக்கொள்கிறது, மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் கட்டத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்பவை.

இவற்றுள் இரண்டாவதுதான் இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கல். நுண்ணுயிரைக் கொல்லும் பெப்டைடுகளில் பெரும்பாலானவை நேர்மின்னூட்டம் கொண்டவை. ஒருபுறம் நீரை விரும்பும் பகுதியும் மறுபுறம் கொழுப்பை விரும்பும் பகுதியுமாக மடிபவை. பாக்டீரியாவின் சவ்வு எதிர்மின்னூட்டம் மிகுந்தது என்பதால் பெப்டைடு அதன்மேல் ஈர்க்கப்படுகிறது. கொழுப்பை விரும்பும் பகுதி சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைக்கிறது. மனித செல்லின் சவ்வோ வெளிப்புறத்தில் ஏறக்குறைய மின்நடுநிலையில் உள்ளது. அதில் கொலஸ்ட்ராலும் இருக்கிறது. இந்த வேறுபாடுதான் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள ஒரே இடைவெளி, அதுவும் குறுகிய இடைவெளி. கொழுப்பை விரும்பும் தன்மையைக் கூட்டினால் கொல்லும் திறன் கூடுகிறது. ஆனால் பெரும்பாலும் சிவப்பணுக்களை உடைக்கும் திறனும் கூடவே ஏறிவிடுகிறது. தேனீயின் நஞ்சில் உள்ள மெலிட்டின் பாக்டீரியாவைத் திறமையாகக் கொல்லும், சிவப்பணுக்களையும் அதே திறமையோடு உடைக்கும்.

இயற்கைப் பெப்டைடைத் திருத்துதல்

இந்த வழியின் வரலாறு நமக்கு மிகத் தெளிவான பாடங்களைத் தருகிறது. பட்டுப்பூச்சி இனத்தைச் சேர்ந்த செக்ரோப்பியா அந்துப்பூச்சியிலிருந்து ஹான்ஸ் போமனின் குழு 1981இல் செக்ரோப்பின்களைப் பிரித்தெடுத்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் ஸாஸ்லோஃப், ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் தோலிலிருந்து 23 அமினோ அமிலங்கள் கொண்ட மகைனின்களை 1987இல் கண்டறிந்தார். அறுவை செய்து தொட்டியில் விடப்பட்ட தவளைகளின் காயங்கள், கிருமிகள் நிறைந்த நீரிலும் சீழ்ப்பிடிக்காமல் ஆறியதைக் கவனித்ததுதான் அவருடைய தேடலுக்குத் தொடக்கம். மகைனினில் லைசின்களைக் கூட்டி மின்னூட்டத்தை உயர்த்தி உருவாக்கப்பட்டது பெக்ஸிகனான். நீரிழிவு நோயாளிகளின் காலில் வரும் தொற்றுப்புண்களுக்கு மேலே பூசும் களிம்பாக அதைக் கொண்டுவர முயன்றார்கள். வாய்வழி எடுக்கும் ஓஃப்ளாக்சசினுக்கு ஏறத்தாழ இணையான பலனைக் காட்டியும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999இல் ஒப்புதல் மறுத்தது. பிற்பாடு வேறொரு நிறுவனம் மீண்டும் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனைகளில், மருந்தில்லாத வெறும் களிம்பைவிடச் சிறந்ததாக அது நிரூபிக்கப்படவில்லை. 2016இல் அந்த முயற்சியும் முடிவுக்கு வந்தது.

பெக்ஸிகனானின் தோல்வியில் மூலக்கூறின் குறை எவ்வளவு, சோதனை வடிவமைப்பின் குறை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நீரிழிவுப் புண்ணை ஆற்றுவதில் இறந்த திசுவை அகற்றுவதும் புண்ணின்மேல் விழும் அழுத்தத்தைக் குறைப்பதும் பெரும்பங்கு வகிக்கின்றன. அவற்றை முறையாகச் செய்தால் மருந்தில்லாத குழுவிலும் பலர் குணமடைவார்கள், அப்போது மருந்தின் கூடுதல் பலனைக் காட்டுவது கடினம். தோல்மேல் பூசுவது நச்சுத்தன்மைச் சிக்கலைத் தவிர்க்கும் எளிய வழியாகத் தோன்றினாலும், பலனை நிரூபிக்கும் சிக்கலை அது பெரிதாக்கிவிடுகிறது.

இன்னொரு கவலை எதிர்ப்புத்திறன் பற்றியது. சவ்வையே தாக்கும் பெப்டைடுகளுக்கு எதிராகப் பாக்டீரியா எளிதில் எதிர்ப்பை வளர்த்துக்கொள்ள முடியாது என்ற நம்பிக்கை நீண்டகாலம் நிலவியது. கிரஹாம் பெல்லும் ஸாஸ்லோஃபும் இணைந்து 2006இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையைத் தகர்த்தது: பெக்ஸிகனானின் அளவைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனபோது, 600 முதல் 700 தலைமுறைகளுக்குள் ஈ.கோலையும் சூடோமோனாஸ் இனம் ஒன்றும் எதிர்ப்பைப் பெற்றன. தன் முந்தைய எதிர்பார்ப்புக்கு மாறான முடிவைத் தந்த சோதனையில் ஸாஸ்லோஃப் தாமே பங்கெடுத்தது மதிக்கத்தக்கது. மனித உடலே எல்எல்-37 போன்ற பெப்டைடுகளைத் தற்காப்புக்காகச் சுரக்கிறது. அவற்றை ஒத்த மருந்துகளைப் பெருமளவில் புழக்கத்தில் விட்டால், அவற்றுக்கு எதிராக உருவாகும் பாக்டீரியா நம் உடலின் இயல்பான காவலையும் தாண்டக் கற்றுக்கொள்ளுமோ என்ற பெல்லின் எச்சரிக்கையை நான் இலகுவாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருத்தும் கருவிகள் இப்போது மேம்பட்டிருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். எல்-வடிவ அமினோ அமிலங்களுக்குப் பதிலாக அவற்றின் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவத்தைச் சேர்த்தால் புரோட்டியேஸ்களால் வெட்ட முடிவதில்லை. சுருள் வடிவம் குலையாதபடி இரண்டு இடங்களை ஹைட்ரோகார்பன் பாலத்தால் இறுக்கிப் பிணைக்கலாம். லோரன் வாலென்ஸ்கியின் குழு 2019இல் இவ்வாறு பிணைக்கப்பட்ட மகைனின் வடிவங்கள் சிவப்பணுக்களை உடைக்காமல், மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களை எலிகளின் உடலில் கொல்வதைக் காட்டியது. கொழுப்பை விரும்பும் பகுதிகள் சுருளில் தொடர்ச்சியான பட்டையாக அமையாமல் சிறுசிறு தீவுகளாகச் சிதறியிருந்தால் பாக்டீரியாவுக்கும் மனித செல்லுக்கும் இடையே பாகுபாடு கூடுகிறது என்பது அந்த ஆய்வின் வடிவமைப்புப் பாடம். இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் குழு இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

கணினி வழித் தேடல்

இன்று மாணவர்களை அதிகம் ஈர்ப்பது இதுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஐபிஎம் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஆழ்கற்றல் மாதிரி முன்மொழிந்த 20 பெப்டைடுகளை உருவாக்கிச் சோதித்து, வலுவான இரண்டை 48 நாட்களில் அடைந்தார்கள். உலகெங்கிலுமிருந்து திரட்டப்பட்ட 63,410 மெட்டாஜீனோம்களையும் (ஒரு சூழலில் வாழும் நுண்ணுயிர்களின் கலந்த மரபணுத் தரவுகள்) 87,920 நுண்ணுயிர் மரபணுத் தொகுதிகளையும் அலசி, எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெப்டைடு வரிசைகளை அடையாளம் கண்ட ஆய்வு 2024இல் வந்தது. அவற்றில் நூறைத் தேர்ந்து உருவாக்கியபோது 79 செயல்பட்டன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சீசர் டி லா ஃபுவென்டே குழு, நியாண்டர்தால் மனிதர்களின் புரதங்களிலிருந்தும் அழிந்துபோன கம்பளி மாமத் போன்ற விலங்குகளின் புரதங்களிலிருந்தும் பெப்டைடுகளைக் கண்டெடுத்தது.

இந்தச் சாதனைகளைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. செலவு குறைவு, வேகம் அதிகம், பெரிய கருவிகள் தேவையில்லை. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உடனே தொடங்கக்கூடிய வழி இதுதான். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: மருந்தாகக்கூடிய மூலக்கூறுகளின் பற்றாக்குறையால்தான் இந்தத் துறை தேங்கியிருக்கிறதா? நாற்பது ஆண்டுகளில் பாக்டீரியாவைக் கொல்லும் பெப்டைடுகள் ஆயிரக்கணக்கில் தரவுத்தளங்களில் குவிந்துவிட்டன. அவற்றில் மருத்துவமனைக்கு வந்தவை மிகச் சில. வந்தவற்றுள்ளும் கொலிஸ்டின், டேப்டோமைசின் போன்றவை நுண்ணுயிர்கள் தாமே நொதிகளைக் கொண்டு கட்டிய, வளையமும் கொழுப்பு வாலும் கொண்ட மூலக்கூறுகள். கணினி மாதிரிகள் பெரும்பாலும் கணிப்பது எம்ஐசியை. பயிற்சிக்குக் கிடைக்கும் தரவும் அதுவே. சிறுநீரக நச்சுத்தன்மை, சீரத்தில் நீடிப்பு, ரத்தத்தில் பிணையும் அளவு ஆகியவற்றைப் பற்றிய தரவு மிகச் சொற்பம். தோல்வியுற்ற பெப்டைடுகளின் அளவீடுகள் வெளியிடப்படுவதும் அரிது. வெற்றிகளை மட்டும் பார்த்துப் பயின்ற மாதிரி, ஏற்கெனவே ஏராளமாக இருப்பதையே இன்னும் ஏராளமாகத் தரும். எனவே இதைத் தனி வழியாகக் கொள்வதைவிட, மற்ற வழிகளுக்குத் துணையாக, குறிப்பாக நச்சான வரிசைகளை முன்கூட்டியே கழிக்கும் சல்லடையாகப் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

ஒரே இலக்கைப் பற்றும் வளையப் பெப்டைடுகள்

கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உள்ளன. வெளிச்சவ்வின் புறப்பரப்பு லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறால் நெருக்கமாக மூடப்பட்டிருப்பதால்தான் பல மருந்துகள் உள்ளே நுழைய முடிவதில்லை. இந்த மூலக்கூறு உள்சவ்வில் உருவாகி, எல்பிடி எனப்படும் ஏழு வகைப் புரதங்களின் தொடர் வழியாக வெளிச்சவ்வுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. அந்தப் போக்குவரத்தை நிறுத்தினால் பாக்டீரியாவின் கவசமே உருவாகாது. மனித செல்லில் இதற்கு இணையான அமைப்பு கிடையாது. சவ்வைப் பொத்தலாக்குவதற்கும் இத்தகைய ஒரு புரதத்தைப் பற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் முக்கியமாகிறது: நச்சுத்தன்மை என்பது கொல்லும் செயலோடு பிரிக்க முடியாதபடி பிணைந்த ஒன்றாக இல்லாமல், மூலக்கூறின் தனிக் குறையாக, வேதியியலால் திருத்தக்கூடியதாக மாறுகிறது.

இந்த வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றை முதலில் வைக்கிறேன். பன்றியின் வெள்ளையணுக்களில் உள்ள புரோடெக்ரின்-1 என்ற பெப்டைடை அடிப்படையாகக் கொண்டு, எல்பிடி தொடரில் ஒன்றான எல்பிடிடி புரதத்தைப் பற்றும் 14 அமினோ அமில வளையமாக முரேபவாடின் உருவானது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவை மட்டும் கொல்லும் மருந்து அது. மருத்துவமனை நிமோனியாவுக்கான மூன்றாம் கட்டச் சோதனை, எதிர்பார்த்ததைவிட அதிகமான நோயாளிகளுக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதால் 2019இல் நிறுத்தப்பட்டது. இலக்கு குறிப்பானது என்றாலும் நேர்மின்னூட்டம் மிகுந்த வளையம் சிறுநீரகக் குழாய்களில் சேர்வதை அது தடுக்கவில்லை. இலக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடாது.

மறுபுறம் ஸோசுரபால்பின் இருக்கிறது. ரோஷ் நிறுவனமும் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் 2024 ஜனவரியில் நேச்சர் இதழில் விவரித்த இந்த மருந்து, ஏறத்தாழ 45,000 வளையப் பெப்டைடுகளைச் சலித்துப் பார்த்ததில் கிடைத்த ஒன்றிலிருந்து உருவானது. கண்டிப்பான வரையறைப்படி இதைத் தவளைத் தோலின் பெப்டைடுகளோடு ஒரே வகையில் சேர்க்க முடியாது. ஆனால் புதிய பெப்டைடு மருந்தைப் பற்றி முடிவெடுப்பவர் இதை ஒதுக்கிவிடவும் முடியாது. எல்பிடி தொடரின் உள்சவ்வுப் பகுதியில், லிப்போபாலிசாக்கரைடு பாதி வழியில் இருக்கும் நிலையிலேயே அதையும் புரதத்தையும் சேர்த்துப் பற்றி, போக்குவரத்தை முடக்குகிறது. கார்பபெனத்துக்குக் கட்டுப்படாத அசினெட்டோபாக்டர் பௌமானியைக் கொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட பட்டியலில் மிக அவசரமான பிரிவில் உள்ள கிருமி அது. தொடக்க மூலக்கூறுகள் விலங்குகளின் ரத்தத்தில் கொழுப்புப் புரதங்களோடு சேர்ந்து படிவை உண்டாக்கின. நேர், எதிர் மின்னூட்டங்கள் இரண்டும் கொண்ட வடிவத்துக்கு மாற்றியபோது அந்தக் குறை நீங்கியது. கொல்லும் திறனை இழக்காமல் நச்சுக்குறையை மட்டும் திருத்த முடிந்தது என்பதுதான் இந்த வழியின் பலம். 2025இல் ரோஷ் இதை மூன்றாம் கட்டச் சோதனைக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது.

பல்கலைக்கழக ஆய்வகத்தால் 45,000 மூலக்கூறுகளைச் சலிக்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அவற்றைத் தனித்தனியாகச் சலிக்கத் தேவையில்லை. ஃபேஜ் டிஸ்ப்ளே முறையிலும், டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹிரோஆகி சுகா வளர்த்தெடுத்த எம்ஆர்என்ஏ டிஸ்ப்ளே முறையிலும், கோடிக்கணக்கான வளைய வரிசைகளை ஒரே குழாயில் வைத்து இலக்குப் புரதத்தைப் பற்றுபவற்றை மட்டும் மீன்பிடித்தெடுக்க முடியும். தூய நிலையில் இலக்குப் புரதத்தை உருவாக்குவதே உண்மையான தடை. சவ்வுப் புரதங்கள் என்பதால் அது எளிதன்று. செல்லின் புறப்பரப்பிலேயே இருக்கும் இலக்கைத் தேர்ந்தால் உள்ளே நுழையும் பிரச்சினையாவது நீங்கும். வெளிச்சவ்வுப் புரதங்களைப் பொருத்தி வைக்கும் பிஏஎம்ஏ அத்தகைய இலக்கு. நூற்புழுக்களோடு இணைந்து வாழும் பாக்டீரியாவிலிருந்து கிம் லூயிஸ் குழு 2019இல் கண்டறிந்த, ஏழே அமினோ அமிலங்கள் கொண்ட டாரோபாக்டின் அதைத்தான் பற்றுகிறது. அதே குழு 2015இல் அறிவித்த டெய்க்ஸோபாக்டின் பெரும்புகழ் பெற்றது என்றாலும் கிராம்-நெகட்டிவ் கிருமிகள்மேல் வேலை செய்வதில்லை. நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முதன்மையான தேவையை அது தொடவில்லை.

இந்த வழியின் விலையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே இலக்கு என்றால் அந்தப் புரதத்தில் ஏற்படும் ஒரு மாற்றமே எதிர்ப்பைத் தரக்கூடும். ஒரே கிருமியைக் கொல்லும் மருந்து குடலின் நல்ல பாக்டீரியாக்களைக் காப்பாற்றும். ஆனால் எந்தக் கிருமி என்று தெரிந்த பிறகுதான் அதைக் கொடுக்க முடியும். வளர்ப்புச் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும் மருத்துவமனையில், செப்சிஸ் நோயாளிக்கு அந்தக் காத்திருப்பு உயிரையே கேட்கும். விரைவான நோயறிதல் இல்லாமல் இத்தகைய மருந்து பாதிப் பயன்தான் தரும்.

பாலிமிக்சினைச் சீரமைத்தல்

பாலிமிக்சின்களைப் பற்றி அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட மருத்துவ அனுபவம் இருக்கிறது. சிறுநீரகத்தில் அவை எங்கே, எந்த ஏற்பியின் வழியாகச் சேர்கின்றன என்பதும் தெரியும். எனவே சோதனை முறைகளைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. 1983இல் வெளியான முக்கியமான கண்டுபிடிப்பு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: கொழுப்பு வாலை நீக்கிய பாலிமிக்சின் நோனாபெப்டைடு தானாகக் கொல்வதில்லை, ஆனால் வெளிச்சவ்வைத் தளர்த்தி, பிற ஆண்டிபயாடிக்குகளை உள்ளே விடுகிறது. இத்தகைய துணைமருந்தை வடிவமைப்பது ஒரு சிறு குழுவுக்கு எட்டக்கூடிய இலக்கு.

ஆனால் எம்சிஆர்-1 மரபணு செய்வது, பாலிமிக்சின் ஒட்டும் இடமான, லிப்போபாலிசாக்கரைடின் பகுதியான லிப்பிட்-ஏவின் மின்னூட்டத்தையே மாற்றுவது. சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பான புதிய பாலிமிக்சின் கிடைத்தாலும், அது அதே இடத்தில் ஒட்டுமானால் அதே எதிர்ப்பை எதிர்கொள்ளும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை: ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஷான் பிரேடி குழு, பாக்டீரியா மரபணுக்களில் கொலிஸ்டினின் உறவுக்கார மூலக்கூறுகளைத் தேடி, எம்சிஆர்-1 கொண்ட கிருமிகளையும் கொல்லும் மாக்கோலாசினை 2022இல் வெளியிட்டது. கணினித் தேடல் எங்கே உண்மையில் பயன்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை; திக்கற்ற தேடலாக இல்லாமல், ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பைக் கடக்க வேண்டும் என்ற கேள்வியோடு தொடங்கிய தேடல் அது.

உற்பத்திச் செலவை முதன்மையான தடையாகப் பலர் சொல்கிறார்கள். அதை நான் பின்னுக்குத் தள்ளுகிறேன். 36 அமினோ அமிலங்கள் கொண்ட எச்ஐவி மருந்தான என்ஃபுவிர்டைடை நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப் படிகளில் டன் கணக்கில் தயாரித்துக் காட்டியிருக்கிறார்கள். சந்தைதான் அதைவிடப் பெரிய தடை. பிளாசோமைசினுக்கு 2018இல் ஒப்புதல் பெற்ற அக்கோஜன் நிறுவனம் அடுத்த ஆண்டே திவாலானது. நல்ல ஆண்டிபயாடிக்கைக் கண்டுபிடித்த நிறுவனமே விற்பனையால் பிழைக்க முடியாத நிலையில், அரசு நிதியும் கொள்முதல் உறுதியும் இல்லாமல் இந்த நான்கு வழிகளில் எதுவும் நோயாளியிடம் போய்ச் சேராது.

ஆகவே தேர்வு இப்படி அமைகிறது. சவ்வுப் புரதங்களைத் தூய்மையாக்கும் திறனோ அத்தகைய திறனுள்ள கூட்டாளியோ கிடைத்தால், பிஏஎம்ஏ அல்லது எல்பிடி தொடரை இலக்காகக் கொண்ட வளையப் பெப்டைடுகளில் இறங்கலாம். அது கிடைக்காத குழு, எம்சிஆர் எதிர்ப்பைக் கடக்கும் நோக்கத்தோடு பாலிமிக்சின் துணைமருந்துகளை எடுத்துக்கொள்வது நல்லது. காயங்களுக்கும் கருவிகளின் மேற்பூச்சுக்கும் மட்டும், பாலமிட்டுப் பிணைத்த இயற்கைப் பெப்டைடுகளைப் பரிந்துரைப்பேன். எந்த வழியானாலும், எம்ஐசியை மேம்படுத்தத் தொடங்கும் முன்பே, முதல் ஆண்டிலேயே ஒவ்வொரு மூலக்கூறையும் பாதியளவு மனித சீரம் சேர்த்த ஊடகத்திலும் மனித சிறுநீரகக் குழாய் செல்களிலும் சோதிக்க வேண்டும். சீரத்தில் எம்ஐசி பல மடங்கு ஏறினாலோ, கொல்லும் அளவுக்கு அருகிலேயே சிறுநீரக செல்கள் இறந்தாலோ, அந்த அடிப்படை அமைப்பை அங்கேயே கைவிட்டு, அதன் அளவீடுகளை முழுமையாக வெளியிட வேண்டும். கணினி மாதிரிகளுக்கு இன்று இல்லாமலிருப்பது அந்தத் தோல்விகளின் தரவுதான்.